கலை விழாவும் தங்க ரேக்கும்: ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். இப்போது மிச்சிகன் மாநிலத்தில் வசிக்கிறேன். தஞ்சாவூர் ஓவியம் முறையாகக் கற்றுப் பல ஆண்டுகளாக வரைந்து வருகிறேன். இங்குள்ள நண்பர்கள் வீட்டுக் கிரகப்பிரவேசங்களுக்கு என் படங்கள் பரிசாகப் போவதுண்டு. அந்தத் தைரியத்தில், நடுவர் குழு தேர்வு செய்யும் ஒரு கலை விழாவில் ஸ்டால் கேட்டு விண்ணப்பித்தேன். தேர்வாகவில்லை என்று இரண்டு வரியில் மின்னஞ்சல் வந்தது. காரணம் சொல்லவில்லை. விண்ணப்பக் கட்டணமும் திரும்பாதாம்.

நம் கலை அவர்களுக்குப் புரியவில்லையா? புகைப்படங்கள் சரியில்லையா? மறுபடி விண்ணப்பிப்பதில் பயன் உண்டா? ஸ்டால் வாடகை அதிகம் என்பதால், தஞ்சாவூரில் தெரிந்த ஒருவரிடம் சிறிய படங்களை வரவழைத்து என் படங்களோடு வைத்து விற்கலாம் என்று தோழி ஒருத்தி யோசனை சொல்கிறாள். என் கணவர் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறார், நான் அவரைச் சார்ந்தவருக்கான ஹெச்-4 விசாவில். விண்ணப்பத்துடன் அனுப்பிய ஐந்து படங்களையும் இணைத்திருக்கிறேன். உங்கள் கருத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டுகிறேன்.

அன்புடன்,
வா.

*

அன்புள்ள வா.,

ஐந்து படங்களையும் அனுப்பியது நல்லதாயிற்று. அவற்றைப் பார்க்காமல் நான் எதைச் சொல்லியிருந்தாலும் அது பொதுப் பேச்சாகவே போயிருக்கும்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கும் விசா விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஹெச்-4 விசாவில் இருப்பவர் தனியாக வேலை அனுமதி அட்டை பெற்றிருந்தால்தான் அமெரிக்காவில் சம்பாதிக்கலாம். சொந்தமாக வரைந்து விற்பதும் சம்பாத்தியமே. கணவரின் கிரீன் கார்டு நடைமுறையில் ஐ-140 என்ற குடியேற்ற மனு ஏற்கப்பட்டிருந்தால் மனைவி அந்த அட்டைக்கு விண்ணப்பிக்கும் வழி 2015 முதல் இருக்கிறது. உங்களிடம் அட்டை இருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. இல்லையென்றால் ஒரு படம்கூட விற்காதீர்கள், ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள். குடும்பத்தின் விசாக் கோப்பில் ஒரு கறை விழும்படி எந்த ஸ்டாலும் முக்கியமானதல்ல. இதற்கு மேல் எழுதுவதெல்லாம் அட்டை கையில் இருக்கிறது, அல்லது வரப்போகிறது என்ற நம்பிக்கையில் எழுதுவது.

இனி உங்கள் முதல் கேள்வி. நடுவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பாதி வருத்தம் குறையும். பெரும்பாலான விழாக்களில் விண்ணப்பதாரரின் பெயர் நடுவர்களுக்குக் காட்டப்படுவதில்லை. ஓவியர்கள், கலை ஆசிரியர்கள், காட்சிக்கூடம் நடத்துபவர்கள் என்று சிலர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருடைய படைப்புகளின் படங்களும் ஸ்டால் படமும் ஒரே வரிசையில் திரையில் வரும். அடுத்த வரிசை வருவதற்குள் மதிப்பெண் போட வேண்டும். அவர்களுக்குக் கிடைப்பது சில விநாடிகள்தான். சில விழாக்களில் 1 முதல் 7 வரை மதிப்பெண் உண்டு, ஆனால் நடுவிலுள்ள 4 கிடையாது. 'பரவாயில்லை' என்று நழுவ முடியாமல், வேண்டும் அல்லது வேண்டாம் என்று நடுவர் ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. டென்வர் நகரின் செர்ரி கிரீக் விழாவுக்கு ஏறத்தாழ 2000 விண்ணப்பங்கள் வந்து, சுமார் 250 பேர் தேர்வாகிறார்கள். அந்தக் கணக்கில் நிராகரிக்கப்பட்டவர்கள் எல்லாரும் மோசமான ஓவியர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. நடுவர் குழுவும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே இதை உங்கள் கலைக்கு வந்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்தச் சில விநாடிகளில் உங்கள் வரிசை எப்படித் தெரிந்திருக்கும் என்பதை மட்டும் கறாராகப் பார்க்க வேண்டும்.

பார்த்தேன். முதல் படம் வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணன். இரண்டாவது ராமர் பட்டாபிஷேகம். மூன்றாவது கஜலட்சுமி. நான்காவது, பாத்திரக் கடை வாசலில் அடுக்கியிருக்கும் பித்தளைக் குடங்கள். ஐந்தாவது ஸ்டால் படம்: சாப்பாட்டு மேசையில் பட்டு விரித்து, பின்னால் உங்கள் பெயர் எழுதிய பேனர், பக்கத்தில் பாவாடை சட்டையில் உங்கள் மகள்.

மகள் அழகாக இருக்கிறாள். ஆனால் அந்தப் படம் ஒன்றே விண்ணப்பத்தைச் சாய்க்கப் போதும். ஸ்டால் படத்தில் ஆட்கள் இருக்கக்கூடாது, பெயர் தெரியக்கூடாது என்பது அநேகமாக எல்லா விழாக்களிலும் விதி. பத்தடிக்குப் பத்தடி வெள்ளைக் கூடாரம், மூன்று பக்கமும் வெளிர் சாம்பல் அல்லது வெள்ளைத் தடுப்பு, அதில் நெருக்கியடிக்காமல் ஆறேழு படங்கள் என்று இருக்க வேண்டும். இதற்காக விழா ஒன்றில் இடம் கிடைத்திருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டுப் பின்முற்றத்தில் கூடாரம் கட்டியே எடுக்கலாம், பலரும் முதல் முறை அப்படித்தான் எடுக்கிறார்கள். கூடாரம் வெள்ளையாகவே இருக்கட்டும். நீலமோ சிவப்போ ஆனால் அதன் சாயம் உள்ளே தொங்கும் படங்கள் மீதெல்லாம் இறங்கிவிடும்.

மற்ற நான்கு புகைப்படங்களிலும் ஒரே கோளாறு. தங்க ரேக்கு, அதாவது ஒட்டியிருக்கும் மெல்லிய தங்கத் தகடு, சில இடங்களில் வெளுத்து மின்னுகிறது, சில இடங்களில் கறுத்துக் கிடக்கிறது. கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றாமல் எடுத்ததால் கஜலட்சுமியின் மார்பில் உங்கள் வீட்டு ஜன்னல் தெரிகிறது. நம் ஓவியத்தைப் படமெடுப்பது கடினம் என்பதற்குக் காரணம் உண்டு. உலோகத்துக்குத் தன் எதிரில் இருப்பதைத்தான் காட்டத் தெரியும். எதிரில் இருட்டான அறை இருந்தால் ரேக்கும் இருட்டாகும், பல்பு இருந்தால் பல்பாக மின்னும். விளக்கிலும் லென்ஸிலும் போலரைசர் வடிகட்டி போட்டு எண்ணெய் வண்ண ஓவியங்களின் பளபளப்பை அடக்குவார்கள். அதைத் தங்கத்தின் மீது செய்தால் தங்கமே செத்துப் பழுப்பாகிவிடும். எனவே கண்ணாடியைக் கழற்றுங்கள். மேகமூட்டமான பகலில் வெளியே நிழலில் படத்தை நிறுத்துங்கள். காமிராவுக்குப் பின்னாலும் ஒரு பக்கத்திலும் பெரிய வெள்ளைத் துணியோ தெர்மாகோல் பலகையோ பிடிக்கச் சொல்லுங்கள். ரேக்கு அந்த வெள்ளையை வாங்கிக்கொண்டு முழுவதும் ஒரே பொன்னாக ஒளிரும். பக்கத்திலிருந்து சற்று அதிக வெளிச்சம் விழுந்தால், சுண்ணாம்புப் பொடியும் கோந்தும் குழைத்து நீங்கள் எழுப்பிய மக்கு வேலை மேடாகத் தெரியும். அந்த மேடு தெரியாவிட்டால், தஞ்சாவூர் ஓவியத்தை முன்பின் அறியாத நடுவர் அதை அச்சடித்த படம் என்றே நினைப்பார்.

புகைப்படம் இவ்வளவுதான். அதைச் சரிசெய்துவிடலாம். எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு.

அந்த வரிசையில் நான்காவது படத்தை யார் வரைந்திருக்க முடியும்? உங்களால் மட்டும்தான் முடியும். முதல் மூன்றையும் யார் வரைந்திருக்க முடியும்? தேர்ந்த கைகள் பல உண்டு. உங்கள் வேலை சுத்தமானது, கிருஷ்ணனின் கன்னத்தில் நிழலிட்டிருக்கும் பதம் என்னை நிறுத்திப் பார்க்கவைத்தது. இருந்தாலும் அந்த உருவமும் அந்தத் தூண்களும் திரைச்சீலையும் பரம்பரையாக வரும் கோட்டுப்படங்களிலிருந்து வருபவை. கோடு அச்சிட்டு மக்கும் வைத்த பலகைகள் 'கிட்' என்ற தயார்த் தொகுப்பாகவே விற்பனைக்கு வருகின்றன என்பது உங்களுக்கும் தெரியும். இந்த விழாக்கள் கேட்கும் முதல் நிபந்தனை, படைப்பு விண்ணப்பதாரரின் சொந்தக் கற்பனையாக இருக்க வேண்டும் என்பது. கிட்டிலிருந்தோ அச்சிலிருந்தோ பிறர் வடிவமைப்பிலிருந்தோ செய்தது ஏற்கப்படாது என்று பல விழாக்கள் எழுதியே வைத்திருக்கின்றன. அதே கிருஷ்ணனை இணையத்தில் பத்து இடங்களில் பார்த்த நடுவருக்கு, இது இந்தியக் கைவினைப் பொருள் என்று தோன்றியிருந்தால் அதில் காழ்ப்பு ஏதும் இல்லை.

மரபைக் கைவிடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மரபு எனக்கு உயிர். மன்னர் சரபோஜி காலத்துத் தஞ்சாவூரில் இந்தப் பாணி செழித்தபோதும் ஓவியர்கள் ஐரோப்பிய நிழலிடலைப் பார்த்துத் தங்கள் கைக்கு ஏற்றபடி எடுத்துக்கொண்டார்கள். சென்னை ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் 1963 வாக்கில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டங்களும் எழுத்துகளும் திரும்பத் திரும்ப வரும். அவை நம் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் ஜாதகத்தை நினைவூட்டும், ஆனால் பணிக்கரின் படம் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். மரபு உங்களுக்குக் கொடுத்திருப்பது பலகை, துணி, மக்கு, ரேக்கு, கற்கள், இவற்றைக் கையாளும் பொறுமை. எதை வரைவது என்பது உங்கள் கையில்.

குடங்கள் படத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். குடத்தின் உடம்பு முழுவதும் வண்ணம்தான். கழுத்திலும் விளிம்பிலும் மட்டும் மக்கை மெல்லிய இழையாக எழுப்பி ரேக்கு ஒட்டியிருக்கிறீர்கள். ஓரமாக ஒரு குடத்தில் நசுங்கல், அதற்குள் கடைக்காரரின் வேட்டி வளைந்து தெரிகிறது. தெய்வத்துக்கு மட்டுமே போட்ட தங்கத்தைக் கும்பகோணத்துக் குடத்துக்குப் போட்டிருக்கிறீர்கள். இப்படி இன்னும் மூன்று படங்கள் வேண்டும். உங்கள் தெரு, உங்கள் வீட்டுச் சமையலறை, மிச்சிகனின் பனி, எதுவாகவும் இருக்கட்டும். நான்கும் ஒருவர் வரைந்தவை என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும், அளவும் நிறமும் ஒன்றோடொன்று இசைய வேண்டும். கிருஷ்ணனைத் தொடர்ந்து வரையுங்கள், நண்பர்களுக்குக் கொடுங்கள். விண்ணப்பத்தில் வேண்டாம்.

தோழியின் யோசனைக்கு என் பதில், கூடாது என்பதுதான். பிறர் செய்ததை வாங்கி விற்பதை இந்த விழாக்கள் அடியோடு தடுக்கின்றன. விழா நடக்கும்போதே ஒவ்வொரு ஸ்டாலாக வந்து சோதிப்பார்கள், பிடிபட்டால் வெளியேற்றவும் செய்வார்கள். படைத்தவரே ஸ்டாலில் நிற்க வேண்டும், முகவர் நிற்கக்கூடாது என்பதும் விதி. இதை நான் மனமார ஆதரிக்கிறேன். சிகாகோவின் ஹைட் பார்க்கில் 1948இல் தொடங்கிய 57ஆம் தெரு விழாவும் சரி, உங்கள் மாநிலத்தில் 1960இல் தொடங்கிய ஆன் ஆர்பர் தெருக் கலை விழாவும் சரி, வரைந்தவரும் வாங்குபவரும் நடுவில் ஆளில்லாமல் தெருவில் சந்திப்பதால்தான் நிலைத்திருக்கின்றன. ஆன் ஆர்பரில் ஒரு ஜூலை வெயிலில் நடந்தபோது, ஒரு மண்பாண்டக் கலைஞரிடம் ஒரு பெண்மணி நெடுநேரம் மெருகு பற்றிக் கேட்டுவிட்டு ஒரு சிறிய கிண்ணத்தை வாங்கிப் போனார். அங்கே இறக்குமதிச் சரக்கு புகுந்தால் அந்தக் கலைஞர் விலையில் தோற்றுப்போவார். தஞ்சாவூர்க் கைவினைஞருக்கும் இதில் நியாயமில்லை, அவர் பெயர் சொல்லாமல் அவர் உழைப்பு விற்கப்படும்.

ஆனால் தோழி சுட்டும் பணக்கவலை நிஜமானது. விண்ணப்பக் கட்டணம் பெரும்பாலும் 25 முதல் 50 டாலர், ஸ்டால் வாடகை சில நூறு டாலரிலிருந்து ஆயிரத்தைத் தாண்டியும் போகும். கூடாரம், தடுப்புகள், தார்ச்சாலையில் முளையடிக்க முடியாது என்பதால் நான்கு கால்களிலும் கட்டக் கனமான எடைகள் எல்லாம் தனிச் செலவு. எடையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கோடைப் புயலில் பறக்கும் ஒரு கூடாரம் பக்கத்து ஸ்டால்காரரின் கண்ணாடிச் சிற்பங்களையும் சேர்த்து உடைத்துவிடும். மிச்சிகனில் 6 சதவீத விற்பனை வரியை வாங்குபவரிடம் வசூலித்து அரசுக்குக் கட்டுவதும் உங்கள் பொறுப்பு. இந்தச் செலவை ஈடுகட்டச் சிறிய படங்கள் வேண்டும் என்று தோழி நினைப்பது சரி, அவற்றை நீங்களே வரையுங்கள். உள்ளங்கை அளவுப் பலகையில் ஒரு குடம், ஒரு தூக்குப் பாத்திரம், ஒரு டபரா டம்ளர். பெரிய படத்தை ஆசையாகப் பார்த்துவிட்டுப் போகிறவர் சிறியதை வாங்குவார். சென்னைக்கு வெளியே சோழமண்டலம் கலைஞர் கிராமம் 1966இல் உருவானபோது, பணிக்கரோடு சேர்ந்த இளம் ஓவியர்கள் மெழுகு பூசிச் சாயமிடும் பத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றுத்தான் ஓவியத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். சிறியதைச் செய்து விற்பதில் எந்தக் குறைவும் இல்லை.

மறுபடி விண்ணப்பிப்பதில் பயன் உண்டா என்று கேட்டீர்கள். நிச்சயம் உண்டு, ஆனால் உடனே வேண்டாம். கோடை விழாக்களுக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். அதற்குள் மூன்று புதிய படங்களை முடிக்க முடியாவிட்டால் ஓர் ஆண்டைத் தாராளமாக விடுங்கள். முதல் ஸ்டாலுக்குச் சிறிய ஊர் விழா ஒன்றைத் தேடுங்கள். சில பெரிய விழாக்கள் புதிதாக வருபவர்களுக்கென்று தனிப் பிரிவும் வைத்திருக்கின்றன, அதில் வாடகைச் சலுகையும் சில இடங்களில் உண்டு. காத்திருப்போர் பட்டியலில் பெயர் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், கடைசி வாரங்களில்கூடப் பலர் விலகுவார்கள்.

அடுத்த குடங்களை வரைந்ததும் எனக்கும் அனுப்புங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுத்த படமாக இருக்கட்டும்.

அன்புடன்.