எது சொந்தமாக இருக்க வேண்டும், எது இரவலாக இருந்தால் போதும்?

கேள்வி: நான் தனி ஆளாக ஓவியம் வரைந்து, வாழ்த்து அட்டைகளாகவும் சுவரில் மாட்டும் படங்களாகவும் அச்சடித்து விற்கிறேன். கடை என்று தனியாக எதுவும் இல்லை. எல்லாமே ஒரு சமூக வலைத்தளப் பக்கத்தில்தான். போன மாதம் அந்தக் கணக்கு நான்கு நாள் முடங்கிக் கிடந்து, பிறகு தானாகத் திரும்பி வந்தது. அதிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. எந்த வீடியோவைப் பார்த்தாலும் பத்துக் கருவிகளைச் சொல்கிறார்கள். நானும் ஏழெட்டில் கணக்குத் திறந்துவிட்டேன். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? இலவசக் கருவிகளை நம்பலாமா? புதிதாக அச்சாகப் போகும் அட்டைகளின் பின்பக்கத்தில் க்யூஆர் குறியீடு போட நினைக்கிறேன். அதில் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றதையெல்லாம் நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். அச்சாகி வெளியே போன அட்டையைத் திரும்ப வாங்க முடியாது.

க்யூஆர் குறியீட்டை 1994ல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் வாகன உதிரிபாகங்களைக் கண்காணிக்க உருவாக்கியது. அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களுக்குள் இருப்பது வெறும் எழுத்துதான். உங்கள் இணைய முகவரியை நேரடியாக அதற்குள் எழுதிவிட்டால் அது காலாவதி ஆகாது, அதற்காக யாருக்கும் சந்தா கட்ட வேண்டியதும் இல்லை. ஆனால் இலவசமாகக் குறியீடு செய்து தருகிறோம் என்று சொல்லும் தளங்களில் பல, உங்கள் முகவரிக்குப் பதிலாகத் தங்களுடைய சுருக்க முகவரி ஒன்றைக் கட்டத்துக்குள் வைத்துவிடுகின்றன. ஸ்கேன் செய்பவர் முதலில் அவர்கள் வாசலுக்குப் போய், அங்கிருந்து உங்களிடம் வருவார். இதை 'டைனமிக்' குறியீடு என்பார்கள். சேருமிடத்தைப் பின்னால் மாற்றலாம், எத்தனை பேர் ஸ்கேன் செய்தார்கள் என்று எண்ணலாம். அந்த வசதிகள் உண்மைதான். ஆனால் இலவசக் காலம் முடிந்தாலோ சந்தா நின்றாலோ அந்த வாசல் மூடிக்கொள்ளும். அப்போது உங்கள் அட்டை யார் யார் வீட்டிலெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் குறியீடு செத்துப்போகும்.

கண்டுபிடிப்பது சுலபம். செய்து வைத்திருக்கும் குறியீட்டின்மேல் ஃபோன் கேமராவைக் காட்டுங்கள். உடனே தட்டித் திறந்துவிடாதீர்கள். திரையில் சின்னதாக ஒரு முகவரி தோன்றும், அதை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். உங்கள் பெயர் இருந்தால் நல்லது. கேள்விப்படாத ஏதோ ஒரு பெயரும் நாலைந்து எழுத்துக் கூட்டமும் இருந்தால், அந்தக் குறியீட்டை அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளிலேயே க்யூஆர் குறியீடு செய்யும் வசதி இருக்கிறது. எக்ஸ்டென்ஷன்ஸ் பட்டியலில் ரெண்டர், அதற்குள் பார்கோடு என்று போனால் கிடைக்கும். வெக்டர் வடிவில், அதாவது புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாக வருவதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் கலங்காது. முகவரி குட்டையாக இருந்தால் கட்டங்கள் குறைந்து, சின்ன அளவிலும் நன்றாகப் படிக்கும். நான்கு பக்கமும் குறைந்தது நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விடுங்கள். ஓவியர்களுக்கு அந்த இடத்தில் பூ வரையக் கை துறுதுறுக்கும், வேண்டாம். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கட்டங்கள் என்று தலைகீழாக்குவதையும் தவிருங்கள், சில ஃபோன்கள் திணறும். அட்டைக்கு இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாத சதுரம் போதும். கடைசியாக, அச்சாகப் போகும் அதே தாளில் ஒரு மாதிரி எடுத்து, இரண்டு மூன்று ஃபோன்களில், மங்கலான வெளிச்சத்தில் சோதித்துவிடுங்கள்.

சரி, அந்தக் கட்டத்துக்குள் எந்த முகவரியை எழுதுவது? உங்கள் சமூக வலைத்தளப் பக்கத்தின் முகவரியை எழுதினால், அடுத்த முறை கணக்கு முடங்கும்போது அட்டையும் சேர்ந்து முடங்கும். நீங்கள் கேட்டிருக்கும் எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருப்பது இந்த ஒரு விஷயம்தான். இணையத்தில் தொழில் செய்பவருக்கு மூன்று பொருள்கள் சொந்தமாக இருக்க வேண்டும்: முகவரி, வாடிக்கையாளர் பட்டியல், மூலக் கோப்புகள். மற்ற எல்லாம் இரவலாக இருந்தால் போதும்.

முகவரி என்பது உங்கள் பெயரிலான டொமைன், அதாவது நீங்களே பதிவு செய்துகொள்ளும் இணையப் பெயர். அது இருந்தால் வலைத்தளத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பது பெரிய விஷயமில்லை. இன்று ஓர் இலவசத் தளத்தில் நாலு படம் போட்டு வைக்கலாம், அடுத்த வருடம் வேறு இடத்துக்குப் போகலாம், ஒன்றுமே இல்லாவிட்டால் டொமைனைச் சமூக வலைத்தளப் பக்கத்துக்கே திருப்பிவிடலாம். அட்டையில் அச்சான முகவரி மட்டும் மாறாது. சின்ன நிறுவனங்கள் நம்பியிருந்த இலவச இடங்கள் கண்முன்னே மூடியிருக்கின்றன. கூகுள் பிசினஸ் புரொஃபைல் மூலம் இலவசமாக உருவாக்கிய வலைத்தளங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. அதற்கு வெகுகாலம் முன்பே, 2009ல், யாஹூ தன் ஜியோசிட்டீஸ் என்ற இலவச வலைத்தளச் சேவையை மூடியது. அந்த முகவரிகளை அச்சடித்துக் கொடுத்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

டொமைன் வாங்கும்போது இரண்டு இடங்களில் தவறு நடக்கும். ஒன்று, வலைத்தளம் செய்து தருபவரிடம் 'நீங்களே வாங்கிவிடுங்கள்' என்று சொல்வது. எனக்குத் தெரிந்த ஒரு மட்பாண்டக் கலைஞர் அப்படித்தான் விட்டுவிட்டார். வடிவமைப்பாளர் தொழிலை விட்டுப் போய்விட்டார். டொமைன் அவர் பெயரில், புதுப்பிக்கும் அறிவிப்பும் அவருடைய பழைய மின்னஞ்சலுக்கு. கலைஞருக்குத் தெரியவந்தபோது வேறு யாரோ அந்தப் பெயரை வாங்கியிருந்தார்கள். அவருடைய பைகளிலும் பெட்டிகளிலும் அச்சாகியிருந்த முகவரி இன்று எதற்கோ சம்பந்தமில்லாத விளம்பரப் பக்கத்தைக் காட்டுகிறது. அதனால் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். வேலை செய்பவருக்குத் தேவையான அனுமதியை மட்டும் கொடுங்கள். இரண்டாவது தவறு கொஞ்சம் நுட்பமானது. டொமைன் கணக்குக்கு அதே டொமைனில் இயங்கும் மின்னஞ்சலைக் கொடுத்துவிடுவது. டொமைன் காலாவதியானால் மின்னஞ்சலும் நின்றுவிடும். காலாவதியாகிவிட்டது என்ற எச்சரிக்கையே உங்களுக்கு வராது. வேறொரு மின்னஞ்சலைக் கொடுங்கள், தானியங்கிப் புதுப்பித்தலை இயக்கி வையுங்கள், பணம் போகும் வங்கி அட்டை எப்போது காலாவதி ஆகிறது என்று நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பட்டியல். ஆர்டர் கொடுத்தவர்களில் யார் விருப்பப்பட்டுத் தருகிறார்களோ அவர்களுடைய மின்னஞ்சலை மட்டும் ஒரு விரிதாளில் சேர்த்து வாருங்கள்: பெயர், மின்னஞ்சல், எப்போது சம்மதித்தார், என்ன வாங்கினார். இவ்வளவு போதும். நான்கு நாள் கணக்கு முடங்கியபோது இப்படி 60 பேர் பட்டியல் கையில் இருந்திருந்தால், ஒரே கடிதத்தில் அத்தனை பேருக்கும் செய்தி சொல்லியிருப்பீர்கள். பின்தொடர்பவர்கள் எத்தனை ஆயிரம் இருந்தாலும் பக்கம் முடங்கினால் அவர்களை அடைய வழியில்லை. பட்டியல் பெரிதானால் கடிதம் அனுப்பும் சேவை ஒன்றில் சேருங்கள். எல்லாருடைய முகவரியும் எல்லாருக்கும் தெரியும்படி ஒரே மின்னஞ்சலில் போட்டு அனுப்புவது மட்டும் கூடவே கூடாது. சொந்த டொமைனிலிருந்து அனுப்பும்போது கடிதம் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்ட, எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று அமைப்புகளைச் செய்யச் சொல்வார்கள். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், சேவை தரும் வரிகளை டொமைன் கணக்கில் ஒட்டும் வேலைதான். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் கண்டிப்பாக இருக்கின்றன. செய்யாவிட்டால் உங்கள் கடிதம் ஸ்பாமில் போய் விழலாம்.

மூன்றாவது மூலக் கோப்புகள். இதில்தான் எனக்கு உங்களைப் பற்றி உண்மையான கவலை. வலைத்தளத்தில் போட்ட படமே இருக்கிறதே என்று பல ஓவியர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சமூக வலைத்தளங்களில் சாதாரணமாக நிற்பது 1080 பிக்சல் அகலப் படம். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 1080ஐ 300ஆல் வகுத்தால் 3.6 அங்குலம், அதாவது 9 சென்டிமீட்டர் சொச்சம். உள்ளங்கை அகலம்! அதற்குமேல் பெரிதாக்கினால் கலங்கிவிடும். சுவரில் மாட்டும் படத்தை அதிலிருந்து எடுக்கவே முடியாது. மைஸ்பேஸ் என்ற பழைய சமூக வலைத்தளத்தில் பாட்டுகளை ஏற்றிவிட்டு மூலத்தை வைத்துக்கொள்ளாத இசைக்கலைஞர்கள், பல ஆண்டுப் பதிவுகள் சர்வர் மாற்றத்தில் அழிந்துவிட்டன என்பதை 2019ல்தான் தெரிந்துகொண்டார்கள். புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய 3-2-1 விதியைப் பின்பற்றுங்கள்: மூன்று பிரதிகள், இரண்டு விதச் சேமிப்பில், ஒன்று வேறு கட்டடத்தில். கணினியில் இருப்பதை இணையச் சேமிப்பிலும் அப்படியே வைக்கும் ஒத்திசைவு வசதியைப் பிரதி என்று எண்ணிவிடாதீர்கள். கணினியில் கை தவறி அழித்தால் அங்கேயும் அழிந்துபோகும்.

மூலம் பெரிதாக இருக்கட்டும், வலைத்தளத்தில் ஏற்றுவது சிறிதாக இருக்கட்டும். ஃபோனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் நாலைந்து எம்பி வரும், பக்கம் திறப்பதற்குள் வந்தவர் போய்விடுவார். ஸ்க்வூஷ் என்ற இலவசக் கருவி உலாவிக்குள்ளேயே இயங்குகிறது. படம் உங்கள் கணினியை விட்டு வெளியே போவதில்லை. அகலத்தை 1600 பிக்சல் ஆக்கி, வெப்-பி (WebP) என்ற பட வடிவத்தில் தரத்தை 75 அல்லது 80ல் வையுங்கள். நடுவில் இருக்கும் கோட்டை இழுத்து முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பாருங்கள். மெல்லிய பென்சில் கோடு அழியாமல் நிற்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும். பெரும்பாலும் கோப்பு முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். அப்புறம், கேமரா கொடுத்த எண்ணை மாற்றி, படத்தில் என்ன இருக்கிறது என்பதையே கோப்பின் பெயராக வையுங்கள். வீட்டில் எடுத்த படமானால் அதற்குள் இருப்பிடத் தகவலும் ஒளிந்திருக்கலாம், நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

வடிவமைப்புக்கு கேன்வா தாராளமாகப் பயன்படுத்தலாம். அறிவிப்பு, விலைப்பட்டியல், 'ஸ்டோரி' பதிவு போன்ற நாலு நாள் வேலைகளுக்கு அதைவிட வேகமானது குறைவு. லோகோவை மட்டும் அங்கிருக்கும் தயார்ச் சித்திரங்களை வைத்துச் செய்யாதீர்கள். அதே சித்திரத்தை வேறு யாரும் பயன்படுத்தலாம், அதை வணிக முத்திரையாகப் பதிவு செய்ய அவர்களுடைய உரிமமும் இடம் தராது. நீங்களோ ஓவியர், கையால் வரைந்து இங்க்ஸ்கேப்பில் கோடாக்கினால் முழுக்க உங்களுடையது. வரைவதற்கு கிரிட்டா (Krita) இலவசம், நல்ல மென்பொருள். எழுத்துருக்களில் 'தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்' என்று இருப்பதை விற்கும் அட்டையில் போடக்கூடாது. கூகுள் ஃபான்ட்ஸில் இருப்பவை திறந்த உரிமத்தில் வருவதால் அந்தக் கவலை இல்லை. உங்கள் ஓவியத்தை வேறு யாராவது எடுத்துப் போட்டிருக்கிறார்களா என்று டின்ஐ (TinEye) தளத்தில் படத்தை வைத்துத் தேடிப் பார்க்கலாம்.

இனி அந்த ஏழெட்டுக் கணக்குகள். ஒவ்வொன்றையும் திறந்து 'எக்ஸ்போர்ட்' எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். உள்ளே போட்டதைச் சாதாரணக் கோப்பாக, பட்டியலென்றால் எந்த விரிதாளிலும் திறக்கும் சிஎஸ்வி கோப்பாக, வெளியே எடுக்க முடிகிறதா? முடிந்தால் அது இலவசமாக இருந்தாலும் நம்பலாம். நாளைக்கு மூடினாலும் பொருள் உங்களிடம் வந்துவிடும். முடியாவிட்டால் காசு கொடுத்தாலும் அதில் முக்கியமான எதையும் வைக்காதீர்கள். ஒரு மாதமாகத் தொடாததை விட்டுவிடலாம். விடுவதென்றால் ஃபோனிலிருந்து செயலியை நீக்கினால் போதாது: பணம் போகும் வங்கி அட்டை விவரத்தை எடுத்துவிட்டு, கணக்கையே மூட வேண்டும்.

மூடும் முன் இன்னொன்று. உங்கள் சமூக வலைத்தளப் பக்கத்தின் அமைப்புகளில் 'இணைக்கப்பட்ட செயலிகள்' என்று ஒரு பட்டியல் இருக்கும். நீங்கள் சோதித்துப் பார்த்த கருவிகள் பல இன்னும் அங்கே அனுமதியோடு உட்கார்ந்திருக்கும். தானாக லைக் போடுவது, பின்தொடர்பவர்களைச் சேர்ப்பது என்று சொல்லும் ஏதாவது ஒன்று அதில் இருந்தால், கணக்கு முடங்கியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அவை பெரும்பாலும் தளத்தின் விதிகளுக்கு எதிரானவை. இன்றைக்கே நீக்குங்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள், கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு எண்ணையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை, குறுஞ்செய்திக்குப் பதிலாக, ஃபோனிலேயே அந்த எண்ணை உருவாக்கித் தரும் அங்கீகாரச் செயலியில் வையுங்கள். 'உங்கள் பக்கம் காப்புரிமையை மீறியுள்ளது, 24 மணி நேரத்தில் முறையிடுங்கள்' என்று செய்தி வந்தால் அதிலிருக்கும் இணைப்பைத் தொடாதீர்கள். ஒருமுறை கணக்கு முடங்கிப் பயந்திருப்பவர் உடனே தட்டிவிடுவார் என்று தெரிந்தே அனுப்புகிறார்கள். இரட்டைச் சரிபார்ப்பை இயக்கும்போது சில மீட்பு எண்களைத் தருவார்கள். அவற்றை ஃபோனில் படமெடுத்து வைக்காமல் தாளில் எழுதி, அட்டைகளின் மூல ஓவியத் தாள்கள் இருக்கும் அதே உறையில் வையுங்கள். ஃபோன் தொலைந்தாலும் அந்தத் தாள் இருக்கும்.