சவாரோவும் கொழுக்கட்டைப் புல்லும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அரிசோனாவின் டூசான் நகரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது சவாரோ தேசியப் பூங்காவுக்குச் சென்றோம். கை விரித்து நிற்கும் சவாரோ என்ற அந்தக் கள்ளி, உயிரினங்களின் அழிவு ஆபத்தை வகைப்படுத்தும் உலகச் செம்பட்டியலில் 'குறைந்த கவலைக்குரியது' என்ற பிரிவில் இருப்பதாகப் படித்தேன். ஆனால் தன்னார்வலர்கள் சிலர் கடப்பாரையோடு ஒரு புல்லைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். சவாரோவைக் காக்கவே இந்த வேலை என்றார்கள். கவலையில்லாத செடிக்கு எதற்கு இந்தப் பாடு? அந்தப் புல்லும் எங்கள் பக்கத்துப் புல்லைப் போலவே இருந்தது.

ந., வெள்ளகோவில்

அன்புள்ள ந. அவர்களுக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கண் ஏமாறவில்லை. காங்கேயம் மாடுகள் மேயும் கொரங்காட்டில், வெள்வேல மரங்களுக்கு இடையே வளரும் கொழுக்கட்டைப் புல்தான் அது. ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இயல்பாக வளரும் இந்தப் புல்லை, மாட்டுத் தீவனத்துக்காகவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் 1930களில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள்.

செம்பட்டியல் சொல்வது பொய்யல்ல. ஓர் இனம் எவ்வளவு பரப்பில் இருக்கிறது, முதிர்ந்த செடிகள் எத்தனை, அவை எவ்வளவு வேகமாகக் குறைகின்றன என்பவற்றைப் பார்த்தே அந்தப் பிரிவு முடிவாகிறது. சவாரோ வளர்வது சோனோரப் பாலைவனத்தில் மட்டுமே. அரிசோனாவின் தென்பகுதி, மெக்சிகோவின் சோனோரா மாநிலம், கொலராடோ ஆற்றை ஒட்டிக் கலிபோர்னியாவில் விரல்விட்டு எண்ணத்தக்க சில இடங்கள் என்று அதன் எல்லை முடிந்துவிடுகிறது. (டெக்சாஸ் உணவகப் பலகைகளில் வரையப்படும் சவாரோ ஓவியரின் கற்பனை.) வடக்கிலும் மலைமேலும் அதை நிறுத்துவது உறைபனி, மேற்கில் நிறுத்துவது கோடை மழை இல்லாமை. இந்த எல்லைக்குள் அது ஏராளமாக நிற்பதால், 2015-இல் வெளியான மதிப்பீட்டில் ஆராயப்பட்ட 1,478 கள்ளி இனங்களில் 31 சதவீதம் அழிவின் அச்சுறுத்தலில் இருப்பதாகத் தெரியவந்தபோதும், சவாரோ அந்தக் கூட்டத்தில் சேரவில்லை.

ஆனால் முதிர்ந்த செடிகளின் எண்ணிக்கை நமக்குச் சொல்வது பழைய கதையை. பாலோ வெர்தே மரத்தடி நிழலில் முளைக்கும் சவாரோ, முதல் எட்டு ஆண்டுகளில் ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோதான் வளர்கிறது. கட்டைவிரல் நகத்தை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். பூப்பதற்கு ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஆகும். கை முளைக்க 50 முதல் 75 ஆண்டுகள், வறண்ட இடமானால் நூறுகூட ஆகும். நீங்கள் நிழற்படம் எடுத்த கைகள் உள்ள கள்ளி, பெரும்பாலும் உங்களைவிட மூத்தது. ஒரு பழத்தில் ஏறத்தாழ 2,000 விதைகள் இருந்தாலும், மழை தொடர்ந்து வாய்க்கும் ஆண்டுகளில்தான் கன்றுகள் பிழைக்கின்றன. ஆகவே இளங்கன்றுகளே இல்லாமல் போன ஒரு குன்றுகூட, இன்னும் பல பத்தாண்டுகளுக்குப் பார்வைக்குச் செழிப்பாகவே இருக்கும். 'குறைந்த கவலை' என்பதை நான் இன்றைய இருப்புக் கணக்காக மட்டுமே படிக்கிறேன். நாளைக்கான உறுதியாக அல்ல.

புல்லின் ஆபத்து இங்கேதான் வருகிறது. அந்தப் பாலைவனத்தில் செடிக்கும் செடிக்கும் இடையே வெறும் மண் கிடக்கும். எங்காவது தீப்பிடித்தாலும் பரவ வழியில்லாமல் அணைந்துவிடும். தீயோடு பழகாத தாவரங்கள் அவை. கொழுக்கட்டைப் புல் அந்த இடைவெளியை நிரப்பி, காய்ந்து, மலைச்சரிவு முழுவதையும் ஒரே வைக்கோல் போராக்கிவிடுகிறது. தீயில் தோல் வெந்த சவாரோ உடனே சாய்வதில்லை. சில ஆண்டுகள் பச்சையாக நின்ற பிறகு சாகிறது. கன்றுகளும் அவற்றுக்கு நிழல் தந்த மரமும் அன்றைக்கே போய்விடும்.

புல்லுக்கோ ஒன்றும் ஆவதில்லை. மேலே எரிந்தாலும் அடித்தூரிலிருந்து மறுபடி துளிர்த்து, முன்னைவிட அடர்ந்து நிற்கும். ஆகவேதான் தீ வைத்து ஒழிக்க முடியாமல், நீங்கள் பார்த்தவர்கள் கடப்பாரையால் ஒவ்வொரு தூராகப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள்.