ஒட்டகத்தை எத்தனை வேளை கறக்கலாம்? வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி வளைகுடாவிலிருந்து. தொண்டி, கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துப் பிள்ளைகள் ஊரில் மாடும் ஆடும் கறந்த கைப்பழக்கத்தோடு மஸ்ராக்களில், அதாவது அங்குள்ள பண்ணைகளில், ஒட்டகம் பார்க்கப் போகிறார்கள். அந்தப் பழக்கம் ஒட்டகத்திடம் அப்படியே செல்லாது. அதனால் முதல் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம்.

சவூதியில் மஸ்ராவில் இருக்கிறேன். காலை, மாலை இரண்டு வேளை கறக்கிறோம். நான்கு வேளை கறந்தால் பால் கூடும் என்கிறார் கபீல் (முதலாளி). உண்மையா? (தொண்டி வாசகர்)

கூடும் தம்பி. ஆனால் வேளை இரண்டு மடங்கானால் பாலும் இரண்டு மடங்காகும் என்று அவர் நினைத்தால், அது நடக்காது.

பால் ஊறுவது மடிக்குள் இருக்கும் மிக நுண்ணிய பைகளில். அங்கிருந்து இறங்கித் தங்க, காம்புக்கு மேலே ஓர் அறை உண்டு. பசுவுக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பால் அந்த அறையில் தங்கும். வெள்ளாட்டுக்குப் பாதிக்கு மேலேயே தங்கும். ஒட்டகத்துக்கு அந்த அறை மிகச் சிறியது. பால் பெரும்பாலும் நுண்பைகளிலேயே தேங்கி நிற்கும். அவை நிரம்பினால் அழுத்தம் ஏறும். தேங்கிய பாலில் உள்ள பொருள்களே மேற்கொண்டு ஊறுவதை மட்டுப்படுத்தும். அதனால்தான் ஒரே வேளை கறந்தால் ஒட்டகம் பாலைச் சீக்கிரம் குறைத்துவிடும். இடைவெளி குறைந்தால் கூடுதலாக ஊறும். மேய்ச்சல் நன்றாக இருக்கும் காலத்தில் ஒட்டகம் வளர்க்கும் நாடோடிகள் நான்கு வேளைகூடக் கறப்பதன் காரணம் இதுதான். இரண்டை மூன்றாக்கும்போது கிடைக்கும் கூடுதல் கண்ணுக்குத் தெரியும். மூன்றை நான்காக்கும்போது அவ்வளவு தெரியாது.

வேளையைவிட நான் பெரிதாக நினைப்பது சொரப்பு, அதாவது காம்புக்குப் பால் இறங்குவது. குட்டி முட்டிச் சப்பியதும் காம்பு சட்டென்று பருக்கும். அதிலிருந்து இரண்டு மூன்று நிமிடத்துக்குள் கறந்து முடிக்க வேண்டும். அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் வராது. இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று கறப்பது இதற்காகத்தான். காம்பையும் உற்றுப் பாருங்கள். ஒரே காம்பிலிருந்து பெரும்பாலும் இரண்டு தாரை பாயும், ஒவ்வொன்றும் தனித்தனி அறையிலிருந்து. ஒரு தாரை மெலிந்தாலோ திரிதிரியாக வந்தாலோ மடிநோயைச் சந்தேகப்படுங்கள்.

அரைகுறையாக நான்கு வேளை கறப்பதைவிட, மிச்சமில்லாமல் கறந்த இரண்டு வேளை மேல். கபீலிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ஈன்று சில மாதமே ஆன, நல்ல தீனி தின்கிற ஒட்டகங்களை மட்டும் எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாக மூன்று வேளை கறப்போம், தினமும் அளந்து நோட்டில் எழுதுவோம், ஒரு மாதம் கழித்து முடிவு செய்வோம். குட்டிக்கு உரிய பங்கைக் குறைத்து அளவை ஏற்றிக் காட்டாதீர்கள். குட்டி மெலிந்தால் அடுத்த ஈற்றுக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். சினைக்காலமே 13 மாதம்.

குட்டி செத்துவிட்டது. ஒட்டகம் பாலை அடக்கிக்கொள்கிறது. தினமும் ஊசி போடலாமா? (ஏர்வாடி வாசகர், ஓமான்)

ஆக்ஸிடோசின் ஊசியைத்தானே சொல்கிறீர்கள்? வேண்டாம். பால் இறங்கும், ஆனால் நாளடைவில் ஊசி இல்லாமல் இறங்காது என்ற நிலை வந்துவிடும். நம் நாட்டில் பாலுக்காகக் கறவை விலங்குக்குக் கெடுதல் செய்யும் ஊசியைப் போடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நம் ஊரில் கன்றுத் தோலில் வைக்கோல் அடைத்துக் காட்டுவது போல, அங்கும் செத்த குட்டியின் தோலைக் காட்டிக் கறக்கும் வழக்கம் உண்டு. அதே ஆள், அதே இடம், அதே நேரம் என்று வைத்துக்கொண்டு கறந்து பாருங்கள். ஒட்டகம் புது ஆளுக்கு எளிதில் இறங்காது.

கலப்பினப் பசு, 12 லிட்டர் கறக்கிறது. மூன்று வேளையாக்கலாமா? (சாயல்குடி வாசகி)

நல்ல கறவை என்றால் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கூடும் அம்மா. ஆனால் சங்கத்தில் காலையும் மாலையும்தான் பால் எடுப்பார்கள். மத்தியானப் பாலை நம் வெயிலில் குளிரூட்டாமல் வைத்தால் மாலைக்குள் திரிந்துவிடும். வீட்டுக்கோ டீக்கடைக்கோ உடனே போகும் என்றால் மட்டும் செய்யுங்கள். அதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள்: பாலில் 87 சதவீதம் தண்ணீர்தான். கடலோரக் கிணற்றின் உப்புத் தண்ணீரை மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பினால், எத்தனை வேளை கறந்தும் பயனில்லை.

தலைச்சேரி ஆட்டை ஒரே வேளை கறந்தால் பால் வற்றிவிடுமா? (பெரியபட்டினம் வாசகர்)

கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மேலே சொன்ன அறை ஆட்டுக்குப் பெரிது. குட்டி ஈன்ற புதிதில் மட்டும் இரண்டு வேளை கறங்கள்.

குஜராத்தில் ஒட்டகம் கடலில் நீந்திப் போய் அலையாத்தி மேய்கிறதாமே. காரங்காட்டில் நாமும் வளர்க்கலாமா? (திருவாடானை வாசகர்)

அவை கட்ச் பகுதியின் காராய் இன ஒட்டகங்கள். தலைமுறை தலைமுறையாக அந்த மேய்ப்பர்களோடு அந்தக் கரையில் பழகியவை. காரங்காட்டு அலையாத்தி நமக்கு மீன் குஞ்சையும் இறாலையும் தருகிற காடு; அதில் ஒட்டகத்தை இறக்கச் சொல்ல என் மனம் ஒப்பாது. ராஜஸ்தானிலிருந்து வாங்கி வரலாம் என்றால், அங்கிருந்து ஒட்டகத்தை வெளியே கொண்டுபோக 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது. போதாததற்கு, ஈக்கடியால் பரவும் சர்ரா நோய் ஒட்டகத்தைக் கொன்றுவிடவும் கூடும்.

மகன் விடுமுறைக்கு வரும்போது ஒட்டகப் பால் பவுடர் கொண்டுவருகிறான். சர்க்கரைக்கு நல்லது என்கிறான். (கீழக்கரை வாசகி)

உணவாகக் குடிக்கலாம் அம்மா. அதில் பால் சர்க்கரையும் இருக்கிறது, அதையும் கணக்கில் வையுங்கள். மாத்திரையையோ இன்சுலினையோ உங்கள் மருத்துவரைக் கேட்காமல் குறைக்கவே கூடாது. மகனுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: மஸ்ராவில் கறந்த சூட்டோடு பச்சையாகக் குடிக்க வேண்டாம், காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். 2012-இல் கண்டறியப்பட்ட மெர்ஸ் வைரஸ் ஒட்டகத்திலிருந்துதான் மனிதருக்கு வருகிறது. புருசெல்லா காய்ச்சலும் பச்சைப் பாலில் வரும். கறந்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.