பழுது என்று எழுதினால் வழக்கு போய்விடும்

கேள்வி: அப்பாவுக்குக் காது மந்தம். பாட்டு கேட்கும், அறிவிப்பாளர் சொல்வது புரியாது. பாட்டின் பெயர் திரையில் எழுத்தாக ஓடுமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். ‘ஆர்.டி.எஸ். இருக்கிறது, எல்லா ஸ்டேஷனிலும் ஓடும்’ என்று கடையிலிருந்து பதில் வந்தது. ஆர்.டி.எஸ். என்றால் எஃப்.எம். ஒலியோடு எழுத்து விவரங்களையும் அனுப்பும் முறையாம். அதை நம்பி அந்த எஃப்.எம். ரேடியோவை வாங்கினேன். சில நிலையங்களில்தான் எழுத்து வருகிறது, அதுவும் பாதியில் நின்றுவிடுகிறது. கடிகாரம் ஒரு மணி நேரம் தவறு. கார் ரேடியோ மாதிரி தானாக அலைவரிசை மாறுவதும் இல்லை. கேட்கப் போனால், இயக்கத் தெரியவில்லை என்று நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தினார்கள். பழுதான பொருளை விற்றதற்காகக் கடை, தயாரிப்பு நிறுவனம், வானொலி நிலையம் மூன்றின் மீதும் வழக்குப் போட்டு, மன உளைச்சலுக்கும் இழப்பீடு பெற முடியுமா?

பதில்: கடையில் அவமானப்படுத்திப் பேசியதை ஒதுக்கி வையுங்கள், அதை வைத்து வழக்கு நிற்காது. வானொலி நிலையத்தையும் விட்டுவிடுங்கள். அவர்களிடம் நீங்கள் எதையும் வாங்கவில்லை, டேட்டா அனுப்புவதாக அவர்கள் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவும் இல்லை. உங்கள் கடிதத்தில் வழக்கு என்று இருப்பது ஒரே ஒரு வரி: ‘எல்லா ஸ்டேஷனிலும் ஓடும்’ என்ற வாட்ஸ்அப் பதில்.

எந்த ரேடியோவாலும் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. எழுத்தை அனுப்புவது நிலையம்தான். ஒலியோடு சேர்த்து 57 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில் நிலையத்தின் பெயர் 8 எழுத்திலும், பாட்டு விவரம் அதிகபட்சம் 64 எழுத்திலும் வருகிறது. நிலையம் அனுப்பாவிட்டால் திரை வெறுமையாகத்தான் இருக்கும். அப்பாவின் தேவை தெரிந்தே இப்படிச் சொல்லி விற்றிருக்கிறார்கள், நீங்களும் அதை நம்பித்தான் வாங்கினீர்கள். நுகர்வோர் சட்டம் உள்ள அநேகமாக எந்த நாட்டிலும் இது தவறான விவரம் கூறி விற்றதாகவே கொள்ளப்படும். ரேடியோ பழுதா இல்லையா என்ற கேள்வியே இங்கே எழ வேண்டியதில்லை.

ஆனால் நீங்கள் ‘பழுதான பொருள்’ என்று எழுதுகிறீர்கள். என்னிடம் வருகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். பழுது என்று மனுவில் எழுதிய உடனே, எதிர்த்தரப்பு ரேடியோவைப் பரிசோதனைக்கு அனுப்பக் கேட்கும். அங்கே சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து சுத்தமான ஆர்.டி.எஸ். சிக்னல் கொடுப்பார்கள். பெயர், பாட்டு விவரம், நேரம் எல்லாம் பளிச்சென்று வரும். ‘குறை எதுவும் இல்லை’ என்று அறிக்கை வந்துவிடும். அதற்கப்புறம் வாட்ஸ்அப் செய்தியை எடுத்து நீட்டினாலும், வழக்கை இப்போது மாற்றுகிறீர்களா என்றுதான் கேட்பார்கள்.

நீங்கள் அடுக்கியிருக்கும் மற்றக் குறைகளும் உங்களுக்கே எதிராகத் திரும்பும். எழுத்து பாதியில் நிற்பது பெரும்பாலும் ஆன்டெனா விவகாரம். சிக்னல் சற்றுக் குறைந்தாலும் பாட்டு கேட்கும். டேட்டாவோ பிழைச் சரிபார்ப்பில் தேறாமல் தள்ளப்பட்டுவிடும். நேரமும் நிலையம் அனுப்புவதுதான். உலகப் பொது நேரத்தோடு உள்ளூர் வித்தியாசத்தையும் அரைமணிக் கணக்கில் சேர்த்து அனுப்புவார்கள். வேறொரு நிலையத்தில் நேரம் சரியாக வந்தால் உங்கள் ரேடியோமீது குற்றமில்லை. தானாக அலைவரிசை மாறுவது ஓடும் வண்டிக்காக வந்த வசதி. வீட்டு ரேடியோக்கள் பலவற்றில் அது கிடையாது. அட்டைப்பெட்டியிலோ கையேட்டிலோ அதை எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். எழுதவில்லையென்றால் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

சர்வீஸ் சென்டரிலிருந்து ‘கொண்டுவாருங்கள், பார்த்துத் தருகிறோம்’ என்று கூப்பிடுவார்கள். ரேடியோவைக் கொடுக்காதீர்கள். திருப்பித் தரும்போது நீட்டும் சீட்டின் அடியில் ‘நன்கு இயங்குவதைச் சோதித்துப் பெற்றுக்கொண்டேன்’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் என்னிடம் வருபவர்கள் நிறையப் பேர். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறந்து பார்ப்பதும் வேண்டாம். சீல் உடைந்துவிட்டால் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான் இருக்கும்.

வாட்ஸ்அப் உரையாடலை இன்றைக்கே தேதி, எண்ணோடு சேமித்து, இன்னொரு இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள். போன் மாற்றியதில் செய்தி போய், வழக்கும் போனவர்கள் உண்டு. அப்பா வழக்கமாகக் கேட்கும் நிலையங்களை ஒவ்வொன்றாக வைத்து, அலைவரிசை எண்ணும் எழுத்தில்லாத திரையும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி எடுங்கள். நோட்டீஸில் ‘பழுது’ என்ற சொல் ஓரிடத்தில்கூட வேண்டாம். சொன்ன விவரம் தவறு, பணத்தைத் திருப்பித் தாருங்கள், அவ்வளவுதான்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், சமரசத்துக்குப் போங்கள். முழுப் பணத்தையும் தர முன்வந்தால் மன உளைச்சல் தொகையை விட்டுவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு ரேடியோவின் விலைக்காக அப்பாவையும் சாட்சிக் கூண்டுவரை அலையவிட வேண்டாம். வேறு மாடல் தருகிறோம் என்றால் மறுத்துவிடுங்கள். நிலையம் அனுப்பாத எழுத்து அதிலும் வராது. பணம் கைக்கு வருவதற்கு முன் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள். ரேடியோவைத் திருப்பிக் கொடுக்கும்போது, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாகக் கடையின் முத்திரையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.