"விளங்கிச்சா?" என்று கேட்டால் "சரி" என்றுதான் வரும்

கேள்வி: தலவாக்கலையில் தையல் நிலையம் நடத்துகிறேன். 11 பெண்கள், எல்லோரும் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள். எதைச் சொன்னாலும் "சரி மிஸ்" என்பார்கள். போன மாதம் 60 பாடசாலைச் சீருடையில் காலர் அளவு பிழைத்துவிட்டது. இரண்டு பேருக்கு ஆரம்பத்திலேயே தெரிந்திருக்கிறது, வாய் திறக்கவில்லை. மேற்பார்வைக்கு இருக்கும் என் சின்னம்மா, இந்தப் பிள்ளைகளைச் சத்தம் போடுகிறார். அவரிடம் எப்படிச் சொல்வது? ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) சம்பளத்தில் பிடித்ததும் ஒருத்தி நின்றும் விட்டாள்.

பதில்: தங்கச்சி, அந்த "சரி" உங்கள் கடையில் பிறந்ததல்ல. தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், தோட்டத்தை நடத்தும் துரை கணக்கப்பிள்ளைக்குச் சொல்வார், அவர் கங்காணிக்குச் சொல்வார், கங்காணி ஆட்களுக்குச் சொல்வார். கீழேயிருந்து மேலே பேச்சுப் போக வழியே இல்லை. வாய் காட்டியவரை வேலையில்லை என்று லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, திருப்பி அனுப்பிய கதையை என் அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

ஹட்டனில் 22 வருடம் பேக்கரி நடத்தினேன். ஒரு விடியற்காலை மா பொங்கவே இல்லை. 200 பணிஸ் ஓடர் போச்சு. ஈஸ்ட்டில் ஈரம் பட்டிருந்ததை மா பிசைந்த தம்பி முதல்நாளே பார்த்திருக்கிறான். ஏன் சொல்லவில்லை என்றேன். "ஏசுவீங்கன்னு பயமா இருந்துச்சு அக்கா." அதற்கு முந்தின வாரம்தான் பாண் கருகியதற்காக இன்னொருவனை எல்லோர் முன்னாலும் ஏசியிருந்தேன். அன்றைக்கு எனக்கு வலித்தது பணிஸ் போனதற்காக இல்லை.

அப்புறம் ஒருநாள் அதே தம்பி வந்து, உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன் என்றான். 25 கிலோ மா. தொண்டை வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "நேரத்தோட சொன்னது நல்லது" என்றேன். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகுதான் மற்றவர்களும் வந்து சொல்லத் தொடங்கினார்கள்.

இனி "விளங்கிச்சா?" என்று கேட்காதீர்கள். "இந்தக் காலரை எப்படி வைப்பீங்க, காட்டுங்க" என்று கேளுங்கள். முதல் உருப்படியைத் தைத்தவளே நாடா வைத்து அளக்கட்டும். அது சரியென்றால் மட்டும் மிச்சத்தை வெட்டலாம்.

சின்னம்மாவிடம் கடையில் வைத்துப் பேச வேண்டாம். ஒரு பின்னேரம் வீட்டுக்குப் போங்கள். "உங்க கண்ணுக்குத் தப்பாது, முதல் உருப்படியை நீங்களே பார்த்துக் கையெழுத்து போடுங்க. ஆனா சத்தம் போட்டா பிள்ளைங்க பிழையை மறைக்கிறாங்க" என்று நேராகவே சொல்லுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் துணி வாங்கும் வேலைக்கு மாற்றிவிடுங்கள், சம்பளத்தைக் குறைக்காமல். உறவுக்காக 11 பேரையும் பயத்தில் வைத்திருப்பது நியாயமில்லை.

சேமலாப நிதியைப் பிடிக்கும் முன்பே கணக்கைக் காட்டியிருக்க வேண்டும். 30,000 ரூபாய் சம்பளம் என்றால் அவளிடமிருந்து 8 வீதம், 2,400. நீங்கள் போடுவது 12 வீதம், 3,600. மாதம் 6,000 அவள் பெயரில் சேர்கிறது. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ETF) போகும் 3 வீதம், 900 ரூபாயும் உங்கள் கைக்காசுதான். இதை ஒரு தாளில் எழுதி ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். நின்றுபோன பிள்ளையின் வீட்டுக்கும் ஒன்றைக் கொண்டுபோங்கள்.

காலர் விஷயம் தெரிந்திருந்த அந்த இரண்டு பேரையும் ஏசிவிட்டீர்களா? ஏசியிருந்தால், திங்கட்கிழமை மெஷின் ஓடுவதற்கு முன் முதலில் அவர்களிடம் போய்ப் பேசுங்கள்.