ஓடும் மெஷினில் டிஸ்க் சேர்த்தால்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, விஎம்வேரில் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) ஓடிக்கொண்டிருக்கும் உபுண்டு லினக்ஸ் மெஷினுக்கு 100 ஜிபி டிஸ்க் சேர்த்தேன். உள்ளே டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை அடித்தால் பழைய டிஸ்கான எஸ்டிஏ மட்டும்தான் தெரிகிறது. ரீபூட் செய்தே ஆகவேண்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. புது டிஸ்க் வந்தது லினக்ஸுக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். சிஸ் டைரக்டரியில் கிளாஸ், அதற்குள் ஸ்கஸி ஹோஸ்ட் (டிஸ்க் கன்ட்ரோலர்கள்) என்று போனால் ஹோஸ்ட்0, ஹோஸ்ட்1 என வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஸ்கேன் என்றொரு ஃபைல் உண்டு. அதில் இடைவெளி விட்டு மூன்று கோடு எழுதுங்கள்: "- - -". சேனல், டார்கெட், லன் (டிஸ்க் முகவரியின் மூன்று பகுதிகள்) எதுவானாலும் தேடு என்று பொருள். எந்த ஹோஸ்ட் என்று தெரியாவிட்டால் எல்லாவற்றிலும் எழுதிவிடுங்கள். பிறகு கர்னல் லாக்கின் கடைசி வரிகளில் எஸ்டிபி என்ற பெயரும் அளவும் வந்திருக்கும்.

கேள்வி: அதைத்தான் செய்தேன். சூடோ (ரூட், அதாவது அட்மின் உரிமை தரும் கட்டளை) போட்டும் 'பெர்மிஷன் டினைட்' என்கிறது.

பதில்: சூடோ, எழுத்தை வெளியிடும் எக்கோ கட்டளைக்கு மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. '>' குறி சொல்லும் ஃபைலைத் திறப்பது உங்கள் ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்). அதற்கு ரூட் உரிமை இல்லை. எக்கோவை பைப் போட்டு, ஃபைலில் எழுதும் 'சூடோ டீ'க்கு அனுப்புங்கள்.

கேள்வி: எங்களுடையது விஎம்வேர் அல்ல, லினக்ஸின் கேவிஎம். டிஸ்க் பெயர் விடிபி. ஸ்கஸி ஸ்கேன் பலிக்கவில்லை.

பதில்: பலிக்காது. விடிபி என்ற பெயர் வரும் விர்ட்ஐஓ பிளாக் முறையில் ஒவ்வொரு டிஸ்கும் தனி பிசிஐ டிவைஸ். பிசிஐ பஸ்ஸின் ரீஸ்கேன் ஃபைலில் 1 எழுதிப் பாருங்கள். கியூ35 வகை மெய்நிகர் மெஷினில் காலி ரூட் போர்ட் (பிசிஐ டிவைஸ் செருகும் இடம்) இல்லாவிட்டால் டிஸ்கைச் சேர்க்கவே முடியாது. விர்ஷில் (கேவிஎம் மெஷின்களை நிர்வகிக்கும் கட்டளை) சேர்க்கும்போது 'பெர்சிஸ்டன்ட்' போட மறக்காதீர்கள். இல்லையேல் மெஷினை அணைத்து மறுபடி ஏற்றும்போது டிஸ்க் இருக்காது.

கேள்வி: இருந்த டிஸ்கையே 50 ஜிபியிலிருந்து 80 ஆக்கினேன். உள்ளே இன்னும் 50தான்.

பதில்: அந்த டிஸ்கின் ரீஸ்கேன் ஃபைலில் 1 எழுதுங்கள். அப்புறம் பார்ட்டிஷன், எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பங்கிடும் அடுக்கு) இருந்தால் அதன் பிவி, எல்வி, கடைசியில் ஃபைல்சிஸ்டம் என்று கீழிருந்து மேலாக வளர்த்துக்கொண்டு போங்கள். எக்ஸ்எஃப்எஸ் வகை ஃபைல்சிஸ்டத்தைப் பெருக்கத்தான் முடியும், சுருக்க முடியாது. அதனால் 30 ஜிபியையும் ஒரே மூச்சில் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: எல்லாம் நன்றாக ஓடியது. ஒரு மாதம் கழித்து ரீபூட் செய்தால் எமர்ஜென்சி மோடில் நிற்கிறது, சார்!

பதில்: எஃப்எஸ்டேபில் (பூட் ஆகும்போது எதை மவுன்ட் செய்வது என்று சொல்லும் ஃபைல்) எஸ்டிசி1 என்று எழுதியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் எழுதிவைத்தேன். நடுவிலிருந்த எஸ்டிபியை ஒருநாள் கழற்றினோம். அடுத்த ரீபூட்டில் எஸ்டிசி, எஸ்டிபி ஆகிவிட்டது. கன்சோலில் 1 நிமிடம் 30 விநாடி எண்ணிக்கை ஓடி முடிந்து, ரூட் பாஸ்வேர்ட் கேட்டு நின்றது. இராத்திரி இரண்டு மணிக்கு அதைப் பார்த்தபோது கை நடுங்கியது. பெயருக்குப் பதில், பிஎல்கேஐடி கட்டளை கொடுக்கும் யூயூஐடியை (மாறாத அடையாள எண்) எழுதுங்கள். டேட்டா டிஸ்க் என்றால், அது இல்லாவிட்டாலும் பூட் நிற்காமலிருக்க 'நோஃபெயில்' சேருங்கள். ரீபூட்டுக்கு முன், எஃப்எஸ்டேபில் உள்ளவற்றை மவுன்ட் செய்யும் 'மவுன்ட் -ஏ' ஒருமுறை அடித்துப் பாருங்கள்.

கேள்வி: கழற்றும்போது தவறான டிஸ்கை எடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அந்தப் பயம் நல்லது. எல்எஸ்பிஎல்கேயில் பெரிய 'எஸ்' போட்டால் 0:0:2:0 போல ஒரு முகவரி வரும். அதன் மூன்றாவது எண்ணும் விஎம்வேர் செட்டிங்கில் ஸ்கஸி 0:2 என்பதன் இரண்டாவது எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். கன்ட்ரோலர் ஒன்றுக்கு மேல் இருந்தால் அளவையும் ஒப்பிடுங்கள். அன்மவுன்ட் செய்து, எல்விஎம்மிலிருந்து விலக்கி, டிஸ்கின் டிலீட் ஃபைலில் 1 எழுதிய பிறகே விஎம்வேர் பக்கம் போங்கள்.