கிரானைட்டா, பசால்ட்டா? உங்கள் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (மேலூர், கல்லூரி மாணவி): சார், கிரானைட், பசால்ட் ரெண்டுமே பாறைக்குழம்பு ஆறி உண்டானவைதானே? ஒன்று வெளிறியும் ஒன்று கறுத்தும் இருப்பது ஏன்?

பதில்: நிறத்துக்குக் காரணம் குழம்பில் உள்ள சரக்கு. கிரானைட்டில் சிலிக்கா 70 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பசால்ட்டில் 50 சதவீத அளவுதான், ஆனால் இரும்பும் மக்னீசியமும் அதிகம். அதனால்தான் கறுப்பு, கனமும் கூட. தண்ணீரைப் போல கிரானைட் சுமார் 2.65 மடங்கு, பசால்ட் சுமார் 3 மடங்கு எடை.

நீங்கள் கேட்காத இன்னொரு வித்தியாசம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கிரானைட் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் மிக மெதுவாக ஆறியது. பசால்ட் தரைமேல் வழிந்து சட்டென்று இறுகியது. பாகை அசைக்காமல் நாள்கணக்கில் விட்டால் கற்கண்டு கட்டும், தட்டில் கொட்டினால் கமர்கட்டுதான். ஆகவே கல்லைக் கையில் எடுத்ததும் நிறத்தைப் பார்க்காதீர்கள், மணியைப் பாருங்கள். மணி என்றால் கல்லில் தெரியும் படிகத் துணுக்கு; மெதுவாக ஆறினால் பெரிது, சட்டென்று ஆறினால் பொடி.

கேள்வி (மதுரை ஒத்தக்கடை): எங்க யானைமலை கிரானைட் தானே அண்ணே?

பதில்: கிட்டத்தட்ட. கிரானைட் நைஸ் என்பார்கள். ஆழத்தில் மறுபடி வெப்பமும் அழுத்தமும் பட்டு மணிகள் வரிவரியாக ஒதுங்கிய கல் அது. அடிவாரத்தில் உடைந்து கிடக்கும் ஒரு துண்டை லென்ஸ் வைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் கண்ணாடிப் பளபளப்போடு இருப்பது குவார்ட்ஸ். வெயிலில் திருப்பும்போது தட்டையாக மின்னுவது ஃபெல்ட்ஸ்பார். ஊசியால் நெம்பினால் ஏடு ஏடாக உரியும் கறுப்பு, மைக்கா. பசால்ட் துண்டில் இப்படிப் பிரித்துச் சொல்ல ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி (திருமங்கலம்): பசால்ட் பார்க்க எங்கே போகணும்?

பதில்: மகாராஷ்டிரா. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு அங்கே அடுக்கடுக்காக நிற்கிறது. எல்லோரா கைலாசநாதர் கோயில் அதில் குடைந்ததுதான். அதைக் கட்டுவித்ததாகச் சொல்லப்படும் ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் ஆண்டது 756 முதல் 773 வரை. நம் யானைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரையைப் பாண்டியர் அமைச்சர் மாறன் காரி எடுப்பித்தது 770இல். ஏறக்குறைய ஒரே காலத்தில் அங்கே பசால்ட்டில் உளி, இங்கே நைஸில் உளி! யாருக்குக் கை அதிகம் வலித்திருக்கும் என்று கேட்டால், குவார்ட்ஸ் நிறைந்த நம் கல்லோடு மல்லுக்கட்டியவருக்குத்தான் என்பேன்.

கேள்வி (வத்தலக்குண்டு): கொடைக்கானல் ரோட்டோரம் கரும்பச்சையாக இருப்பது பசால்ட்டா?

பதில்: இல்லை, சார்னோக்கைட். அதுவும் ஆழத்தில் உருவான கல்தான். உடைத்த பக்கத்தில் எண்ணெய் பூசிய மினுக்கும் பெரிய மணிகளும் இருக்கும்.

கேள்வி (அண்ணாநகர், இல்லத்தரசி): அடுப்படி மேடைக்குக் கறுப்பு கிரானைட் வாங்கப் போறோம். அது பசால்ட்டா சார்? புளி, எலுமிச்சை பட்டால் அரிக்குமா?

பதில்: பெரும்பாலும் டாலரைட் அல்லது கேப்ரோ என்ற கல், அம்மா. சரக்கு பசால்ட்டினுடையது, ஆனால் தரைக்கு அடியிலேயே நிதானமாக ஆறியதால் மணி கொஞ்சம் பெரிது. கடைக்காரர் கிரானைட் என்பது வியாபாரப் பெயர், சண்டை போட வேண்டாம். புளி அரிப்பது மார்பிளைத்தான், அது சுண்ணாம்புச் சத்து. சாயம் ஏற்றிய கல்லும் விற்பனைக்கு வருகிறது. அதனால் நெயில் பாலிஷ் ரிமூவர் நனைத்த வெள்ளைப் பஞ்சால் மூலையில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு கறுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.